வெளிச்சம் பிடித்தவள்

குடும்பப் படம் எடுக்க வருகிறவர்களை அவள் முதலில் ஒரு சுற்று பார்ப்பாள். பிறகு ஒரே கேள்விதான்.

"இதுல கடைசி யாரு?"

அதற்குள் அப்பா நடு நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் காலரை இழுத்துவிட்டிருப்பார். மூத்த பிள்ளை அவர் தோளில் கையைப் போட்டு விறைப்பாக நிற்கும். அவர்கள் யாரும் அவளுக்கு வேண்டாம். அம்மாவுக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டு மூக்கை நோண்டிக்கொண்டிருக்குமே, அந்தச் சின்னதுதான் வேண்டும். அதைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நடுவில் உட்காரவைத்து, விளக்கை அந்த முகத்துக்கு ஏற்றபடி திருப்பிவைப்பாள். அப்புறம்தான் மற்றவர்களுக்கு இடம்.

"இப்ப எல்லாரும் இவரைச் சுத்தி நில்லுங்க."

ஒருமுறை ஒரு பெரிய மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏம்மா, குடும்பத்துக்கே தலைவர் நான். நான் ஓரத்துல நிக்கணுமா?"

"நீங்க எங்க நின்னாலும் தெரிவீங்க சார். உங்க உடம்பு அப்படி. இவரு அப்படியில்லையே."

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு அந்தப் படத்தில் அப்படியே விழுந்திருக்கிறது. இன்றைக்கும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அதைத்தான்.

கடைத்தெருவில் எல்லாருக்கும் அவள் ஸ்டூடியோ அக்கா. பழைய ஆட்கள் மட்டும் "வெளிச்சம்" என்று கூப்பிடுவார்கள். நல்ல பெயர்தானே என்று நமக்குத் தோன்றும். அந்தப் பெயரைக் கேட்டாலே ஒரு காலத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிடும் என்பது பலருக்குத் தெரியாது.

அவளுடைய அப்பா தொடங்கிய ஸ்டூடியோ அது. மாடியில் வீடு, கீழே கடை. முன்னால் கவுன்டர், அதற்குப் பின்னால் ஒரு பெரிய ஜன்னல் வைத்த படம் எடுக்கும் அறை, அதற்கும் பின்னால் படம் கழுவும் இருட்டறை. அப்பா அளந்து பேசுகிற மனிதர். அம்மா கவுன்டரில் உட்கார்ந்தபடி, நெகட்டிவில் விழுந்திருக்கும் பருவையும் தழும்பையும் கூரான பென்சிலால் மறைத்துக்கொண்டிருப்பாள். டச்சிங் என்பார்கள் அதை. அம்மாவின் பென்சில் பட்டால் எந்த முகமும் மாசு மறுவில்லாமல் வெளியே வரும்.

மூத்த மகள் பிறந்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கேமராவுக்கென்றே செய்த முகம் அது. சிரித்தால் படம், அழுதால் படம், பல் முளைத்தால் படம், அதே பல் விழுந்தால் இன்னொரு படம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒன்றைப் பெரிதாகப் போட்டுத் தெருப்பக்கத்துக் கண்ணாடி ஷோகேஸில் வைப்பார். "இந்தப் பொண்ணை எடுத்த மாதிரி எங்களையும் எடுங்க" என்று கேட்டுக்கொண்டுதான் பாதிப் பேர் படியேறினார்கள்.

நான்கு வருஷம் கழித்து இளையவள் பிறந்தாள். அதற்குள் கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இன்றைக்கு எடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாம் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, தவழ்ந்த பிள்ளை நடந்துவிட்டது. அவள் கைக்குழந்தையாக இருந்த படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. தச்சன் வீட்டில் கதவில்லை என்றால் நம்புவீர்களா? படக்காரர் வீட்டில் பிள்ளைக்குப் படமில்லை.

சொன்ன இடத்தில் அசையாமல் நிற்கும் வயது வந்ததும் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஜன்னல் வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கத்தில்தான் விழும், மறுபக்கம் இருண்டு கிடக்கும். அந்தப் பக்கத்தில் வெள்ளை பெயின்ட் அடித்த பலகை ஒன்றை நிறுத்தினால், வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, இருண்ட கன்னத்தில் மெல்லப் பரவும். பலகையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். சின்னவள் சும்மாதானே இருக்கிறாள்?

பலகை அவளைவிடச் சற்று உயரம். அப்பா கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "வெளிச்சம், கொஞ்சம் உள்ள வா. வெளிச்சம், சாய்க்காத" என்பார். பலகையிடம் பேசுகிறாரா, பிள்ளையிடம் பேசுகிறாரா என்று யாருக்கும் தெரியாது. அதுவே பெயராகிவிட்டது.

அந்தப் பக்கம் அக்கா எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருக்கும். நுனிக்காலில் எம்பி, பலகைக்கு மேலே எட்டிப்பார்ப்பாள். உடனே துணிக்குள்ளிருந்து அதட்டல் வரும்.

"தலையைக் கீழ போடு."

கீழே போடுவாள். மறுபடி எம்புவாள்.

படம் எடுத்து முடிந்ததும் அக்கா ரிப்பனை அவிழ்த்துக்கொண்டே வம்புக்கு இழுப்பாள்.

"என் படம் ஷோகேஸ்ல இருக்கு. உன் படம் எங்கடி இருக்கு?"

"எனக்குக் கை வலிக்குது."

"பலகைக்குக்கூட கை வலிக்குமா?"

ஒருநாள் சின்னவள் பழிவாங்கினாள். வேண்டுமென்றே பலகையைத் திருப்பிப் பிடித்து அக்காவின் ஒரு கன்னத்தைக் கரியாக்கிவிட்டாள். அப்பா அந்தப் படத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நிழல் நல்லா விழுந்திருக்கே" என்று அதையே ஷோகேஸில் வைத்தார். அதோடு அவள் பழிவாங்குவதை விட்டுவிட்டாள்.

அக்காவின் பத்தாவது பிறந்தநாளுக்கு எடுத்த படம்தான் எல்லாவற்றிலும் அழகானது என்று ஊரே சொன்னது. முகம் மட்டும் நிறைந்த படம். அந்தக் கண்கள் தெருவில் போகிறவரை நிறுத்திக் கூப்பிடும். அதற்குப் பிறகு அப்பா ஷோகேஸை மாற்றவே இல்லை. வெயில் பட்டுப் பட்டு அது பழுப்பேறியது. தினமும் காலையில் கண்ணாடியைத் துடைப்பது சின்னவளின் வேலை. அவள் துடைப்பாள், ஆனால் பார்க்கமாட்டாள். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டே துடைக்கப் பழகியிருந்தாள்.

கல்யாணத்தன்றைக்காவது அவள் நடுவில் நின்றிருக்க வேண்டும். ஸ்டூடியோ விளக்குகளைப் பழுதுபார்க்க வந்த எலக்ட்ரீஷியன்தான் மாப்பிள்ளை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டபோது எடுத்த படங்களில் அவள் குனிந்திருந்ததால் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. போகட்டும், வெளியே படிக்கட்டில் எல்லாரையும் நிறுத்தி ஒரு படம் எடுக்கலாம் என்றார்கள். உச்சி வெயில். மூத்தவள் முகத்தில் பாதி நிழல். அப்பா கேமராவில் கண்ணை வைத்தபடி, பழக்கதோஷத்தில், "வெளிச்சம்" என்றார்.

மணப்பெண் படியிறங்கி வந்தாள். சுவரோரம் சாய்த்துவைத்திருந்த பலகையை எடுத்தாள். பிடித்தாள்.

க்ளிக். ஃபிலிம் ரோல் முடிந்துவிட்டது.

ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை என்பதுதான் கொடுமை. மாப்பிள்ளை மட்டும், இது டெஸ்டுக்காக எடுக்கிறார்கள்போல என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டார். படம் கழுவி வந்தபோதுதான் பார்த்தார்கள். இரண்டு வீட்டாரும் இருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெறும் இடம்.

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் எந்த அழுகையும் வெளியே கேட்காது. எத்தனை வீடுகளில் எத்தனை சின்னவள்கள் அந்தக் குழாயைத் திறந்திருப்பார்களோ.

புருஷன் நல்ல மனிதர். கதவுக்கு வெளியே நின்று, "பரவாயில்ல, என் மூஞ்சி இவ்வளவு நல்லா எந்தப் படத்துலயும் விழுந்ததில்ல. நீ புடிச்ச வெளிச்சமாச்சே" என்றார். உள்ளே குழாய் நின்றது.

அக்கா வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள், அங்கேயே குடும்பமானாள், ஒரு அலுவலகத்தில் மேலாளராக உயர்ந்தாள். சின்னவள் ஸ்டூடியோவிலேயே தங்கினாள். யாரும் கற்றுத்தரவில்லை. பலகைக்குப் பின்னால் நின்றே கற்றுக்கொண்டாள். இருட்டறை போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் கற்றாள். அப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கிய நாளில், அவர் ஒன்றும் சொல்லாமல் கேமராவின் வாரைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். அவ்வளவுதான். அவர் அவளைத் தட்டிக்கொடுத்தார் என்று சொல்ல வேறு சம்பவம் கிடையாது.

அவள் கையில் வந்தபிறகு ஸ்டூடியோவுக்கு ஒரு தனிப் பேர் வந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அடையாள அட்டைப் படம் வேண்டுமென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கே போவாள். கேமராவைக் கண்டால் அலறும் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து, அவை மறக்கும்வரை விளையாடுவாள். நெருப்பில் முகம் வெந்த ஒரு பெண், படமே எடுத்துக்கொள்ளமாட்டேன் என்று வாசலில் நின்றபோது, அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பேசிக்கொண்டே, அந்த முகத்துக்குரிய வெளிச்சத்தைத் தேடிக் கண்டுபிடித்தவள் இவள். எதையும் அழிக்கவில்லை, மறைக்கவில்லை. அந்தப் பெண் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "நான்தான்" என்று மட்டும் சொன்னாளாம்.

அம்மா போனபிறகு அப்பாவும் அவள் பொறுப்பு. இப்போது அவர் கண்ணுக்கு வெளிச்சம், நிழல் தவிர வேறொன்றும் தெரியாது. தினமும் காலையில் மாடி ஜன்னலோரம் உட்காரவைத்து அவளே சவரம் செய்துவிடுவாள். "இன்னைக்கு மேகமா இருக்கு" என்பார் அவர். அதுதான் அன்றைய பேச்சு.

இத்தனை செய்தவளுக்கு மனதில் ஒரு முள் மட்டும் அப்படியே இருந்தது. போன மழையில் ஷோகேஸின் மரம் இற்றுவிட்டது. தச்சரை வரச்சொல்லிவிட்டுப் புருஷனிடம் சொன்னாள்.

"புது ஷோகேஸ்ல அக்கா படம் இருக்காது. சொல்லிட்டேன்."

"உன் படத்தை வச்சிடு."

"என் மூஞ்சியை யாரு பாக்கறது."

"அப்ப வெறுமனே வை. நம்ம கல்யாணப் படம் மாதிரி."

அவள் முறைத்தாள். ஆனால் முடிவு முடிவுதான். இவ்வளவு காலம் துடைத்தாயிற்று, இனி முடியாது. அந்தப் படம் கீழே இறங்கினால், அப்பா தன்னை ஒருநாளும் பார்க்கவில்லை என்ற கணக்கும் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

அந்த வாரமே அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஏய், நான் ரிட்டையர் ஆகறேன்டி. ஆபீஸ்ல விழா வைக்கிறாங்க, சின்ன வயசுப் படம் கேக்கறாங்க. ஷோகேஸ்ல இருக்கே, அந்தப் படத்தைப் புதுசாக்கிப் பெருசா போட்டு வை. வந்து வாங்கிக்கறேன்."

பார்த்தீர்களா விதியை? இறக்கப்போன படத்தை இன்னும் பெரிதாக்கிக் கையில் கொடுக்க வேண்டுமாம், அதுவும் இவள் கையாலேயே.

மறுக்கத் தெரியாது அவளுக்கு. இருட்டறைப் பெட்டியிலிருந்து உள்ளங்கை அளவு பழைய நெகட்டிவைத் தேடியெடுத்தாள். கடையில் ஆளில்லாத மதிய நேரத்தில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, திரை கொள்ளாத அளவுக்குப் பெரிதாக்கினாள். நெற்றியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தூசியாக, ஒவ்வொரு கீறலாக எடுத்தாள். வேலை என்று உட்கார்ந்தால் கோபதாபமெல்லாம் கிடையாது அவளிடம். நெற்றி முடிந்தது. புருவம் முடிந்தது. வலது கண்ணுக்கு வந்தாள்.

கருவிழிக்குள் ஒரு சின்ன வெள்ளைச் சதுரம். பலகையின் பிம்பம். அது எல்லாப் படத்திலும் இருக்கும், கண்ணுக்கு உயிர் கொடுப்பதே அதுதான். சதுரத்தின் மேல் விளிம்பில் ஒரு கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. தூசி. ஒரு தட்டுத் தட்டினாள். போய்விட்டது.

இடது கண்ணுக்கு நகர்ந்தாள். அங்கேயும் சதுரம். அங்கேயும், அதே விளிம்பில், அதே துகள்.

கை நின்றது. தூசி இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் விழாது.

இன்னும் பெரிதாக்கினாள். துகள் உருண்டையானது. உருண்டைக்கு இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். ரிப்பன் முடிச்சுகள். பலகைக்கு மேலே எம்பி, எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சின்னத் தலை.

பிறகு பதறிப்போய், வலது கண்ணில் தான் அழித்ததைத் திரும்ப வரவழைத்தாள். தன்னைத் தானே துடைத்துப் போட்டிருப்பாள். தூசி என்று.

அக்கா வந்து இறங்கியபோது படம் தயாராக மேஜைமேல் நின்றது. இடுப்புயரம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனாள். மற்றவர்களைப்போல் நெற்றியையோ சிரிப்பையோ பார்க்கவில்லை. நேராகக் கண்ணுக்குள் பார்த்தாள்.

"அது இன்னும் இருக்கா?" என்றாள்.

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. அன்னைக்கே தெரியும். படம் பெருசா வந்ததும் நான்தான் முதல்ல பாத்தேன். அம்மாகிட்டப் போய், இதை அழிச்சிடு, என் கண்ணுக்குள்ள இவ எதுக்குன்னு ஒரே அழுகை. அம்மாவும் டச்சிங் பென்சிலை எடுத்துட்டா. அப்பா வந்து பென்சிலைப் புடுங்கிட்டாரு."

"அப்பாவா?"

"'அது குறை இல்ல. இருக்கட்டும்'னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அப்புறம் எத்தனை வருஷம் என்னை உக்காரவச்சு எடுத்தாரு, ஒண்ணுகூட அவருக்குப் புடிக்கலை. ஏன்னு யோசிச்சியா? நீ வளந்துட்ட. எம்பிப் பாக்கறதை நிறுத்திட்ட."

சின்னவள் படத்தையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"என்ன அப்படிப் பாக்கற? நீ அப்பாவோட இருட்டறைக்குள்ள போவ, வருவ. ரெண்டு பேரும் உள்ள என்னமோ பேசிக்குவீங்க. நான் வெளிய கழுத்து விறைச்சு உக்காந்திருப்பேன். எனக்குன்னு இருந்தது ஒரு படம். அதுலயும் நீ."

"நாங்க உள்ள ஒண்ணுமே பேசினதில்லக்கா."

"ஒண்ணுமேவா?"

"'அதை எடு, இதைக் கழுவு'. அவ்வளவுதான்."

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "இதுக்கா நான் இத்தனை வருஷம் உம்மேல வயிறெரிஞ்சேன்" என்றாள்.

"ஏன் சொல்லலை நீ?"

"சொல்லிட்டா, என்கிட்ட என்ன மிச்சமிருக்கும்?"

இரண்டு பேரும் அழுதார்கள். இந்தமுறை குழாயைத் திறக்கவில்லை. கவுன்டரில் அடையாள அட்டைப் படத்துக்காகக் காத்திருந்த ஒரு லாரி டிரைவர், எழுந்து போவதா உட்காருவதா என்று தெரியாமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடிக்குப் போய் அப்பாவிடம் கேட்டார்கள். "அந்தப் படத்துல அக்கா கண்ணுல நான் இருக்கேனாமே, தெரியுமாப்பா?"

அப்பா தாடையைத் தடவிக்கொண்டார். "தலையைக் கீழ போடுன்னு சொன்னேன். கேட்டாத்தானே" என்றார். முகத்தில் அப்படியொரு பெருமை.

மற்றதெல்லாம் அக்காவின் ஏற்பாடு. எலக்ட்ரீஷியன் மாப்பிள்ளை தன் மாமனாரை நாற்காலியோடு தூக்கிக் கீழே கொண்டுவந்தார். கேமராவை நிறுத்தி, ரிமோட்டை அப்பாவின் கையில் கொடுத்தார்கள். சின்னவளை ஜன்னலோரம் ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, மேலாளர் அம்மாள் பலகையைத் தூக்கிக்கொண்டு எதிரே நின்றாள்.

"இந்தக் கனமா கனக்குது இது? இதையாடி அத்தனை வருஷம் புடிச்ச?"

"பலகைக்குக் கை வலிக்காதுக்கா."

"வாயை மூடிட்டு சிரி."

ஊரையே உட்காரவைத்துப் படம் எடுத்தவளுக்கு உட்காரத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது? மடியிலா, முழங்காலிலா? பார்வை கேமராவுக்குப் போகாமல் பலகைக்கே போயிற்று. அக்கா அதைத் தப்பாகச் சாய்த்துப் பிடித்திருந்தாள். வெளிச்சம் முகத்துக்கு வராமல் சுவருக்குப் போயிற்று. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

அப்பா தலையை ஒரு பக்கம் சாய்த்தார். மங்கலில் எது தெரிந்ததோ, "வெளிச்சம் சரியில்ல" என்றார்.

அந்தச் சொல் போதாதா? சின்னவள் பாதி எழுந்து, பலகையைத் திருத்தக் கையை நீட்டினாள். அந்த நொடியில் அப்பாவின் விரல் அழுந்தியது.

அந்தப் படம்தான் இப்போது புது ஷோகேஸில் இருக்கிறது. பாதி உட்கார்ந்து, பாதி எழுந்து, கையை நீட்டியபடி, சற்றே கலங்கலாக, வாய் திறந்து எதையோ சொல்லவரும் ஒரு நடுவயதுப் பெண். கேட்டால் எந்தப் படக்காரரும் இதைக் கழித்துக் கட்டிவிடுவார். அவள் ஒரு புள்ளிகூடத் துடைக்கவில்லை. காலையில் கண்ணாடியைத் துடைக்கும்போது தெருப்பக்கம் திரும்பிக்கொள்வதும் இல்லை.

புருஷன் ஒருநாள் லென்ஸை எடுத்துவந்து, அந்தப் படத்தின் கண்ணுக்குள் வெகுநேரம் தேடினார்.

"உங்க அக்காவைக் காணோமே. ஒரே கலங்கலா இருக்கு."

"நல்லா பாருங்க," என்றாள் அவள், அடுத்த குடும்பத்துக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டே. "அங்கதான் எங்கயாவது பலகையைப் புடிச்சிட்டுக் கை வலிக்குதுன்னு நிப்பா."

பிறகு வாசலில் நின்றவர்களை ஒரு சுற்று பார்த்தாள்.

"இதுல கடைசி யாரு?"